கேஸ் மாத்திரையா, பாட்டில் மருந்தா, கட்டிலுக்கு அடியில் செங்கல்லா?

அப்பாவுக்குப் பகலில் ஒன்றும் இருக்காது. படுத்து ஒரு மணி நேரம் ஆனதும் நெஞ்சு கரிக்கத் தொடங்கும். புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவார். தலைமாட்டு ஜன்னல் திட்டில் ரோஸ் நிற பாட்டில், பான்டோபிரசோல் அட்டை, நாலைந்து ஈனோ பாக்கெட் எல்லாம் இருக்கும். "எதுவுமே கேட்கல" என்பார். உண்மையில் எல்லாமே கேட்கும் மருந்துகள்தான். ஒவ்வொன்றும் வேலை செய்யும் நேரம் வேறு, அவ்வளவுதான்.

முதலில் பாட்டில் மருந்து. ஜெலுசில், டைஜீன் வகை. வயிற்றில் ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தை முறிப்பது மட்டுமே இதன் வேலை. ஐந்து பத்து நிமிடத்தில் எரிச்சல் தணியும். வெறும் வயிற்றில் குடித்தால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. சாப்பிட்ட பிறகு குடித்தால் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்ட அன்றைக்கு இது போதும். தினமும் தேவைப்பட்டால் போதாது. ஈனோவில் இருப்பது சோடா உப்பு. அதில் சோடியம் அதிகம் என்பதால் பிரஷர், இதய நோய், கிட்னிக் கோளாறு உள்ளவர்களுக்கு நான் கொடுக்க மாட்டேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் பாட்டில் மருந்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்.

எரிச்சலைவிட எதுக்களிப்புதான் தொல்லை என்றால் ஆல்ஜினேட் கலந்த மருந்து இன்னும் பொருத்தம். கடல்பாசியிலிருந்து எடுப்பது, வயிற்றுக்குள் போனதும் நுரைத்து, சாப்பாட்டின் மேல் ஆடை மாதிரி மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் மறிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கப் போகும் முன்பும் குடிக்க வேண்டும்.

அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஃபமோடிடின் மாத்திரை நடுத்தரம். ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கி அரை நாள் தாங்கும். ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகிப்போய் வேகம் குறைந்துவிடும். இதே குடும்பத்து ரானிடிடினை இன்னும் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. அதில் என்.டி.எம்.ஏ. என்ற புற்றுநோய் ஆபத்துள்ள கலப்பு தெரியவந்ததால் 2020-ல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள்.

அடுத்தது, எல்லாரும் 'கேஸ் மாத்திரை' என்று சொல்லும் பான்டோபிரசோல், ஒமிபிரசோல். அடிக்கடி எரிச்சல் வருபவர்களுக்கு, உணவுக்குழாய் புண்ணானவர்களுக்கு, இதை மிஞ்ச மற்ற மூன்றாலும் முடியாது. ஆனால் சரியாகச் சாப்பிடுபவர்கள் குறைவு. அப்பா நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு, பிரஷர் மாத்திரையோடு சேர்த்து இதையும் விழுங்குவார். இந்த மாத்திரை, வயிற்றுச் சுவரில் அமிலத்தை இறைக்கும் பம்புகளைப் பூட்டுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அதனால் பூட்ட முடியும். சாப்பாடு உள்ளே போகும்போதுதான் பம்புகள் ஓடும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள். எரியும்போது ஒன்று போட்டால் அந்த எரிச்சல் அடங்காது. முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாளாகும்.

வருஷக்கணக்கில் டாக்டரிடம் கேட்காமல் தொடர்வதும் சரியில்லை. பி12, மெக்னீசியம் குறைய வாய்ப்புண்டு. திடீரென்று நிறுத்தினால் சில வாரம் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். "மாத்திரை இல்லாமல் இருக்கவே முடியல" என்று நினைக்க வைப்பது பல நேரம் இதுதான். ஆஸ்பிரின் போன்ற மருந்துக்குத் துணையாகக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தவே கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வியர்த்துக்கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் 'கேஸ்' என்று பாட்டிலைத் திறக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றுக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

குளிர்ந்த பால் பற்றிக் கேட்பார்கள். குடித்ததும் இதமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பாலே அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

ராத்திரி எரிச்சலுக்கு என் ஓட்டு செங்கல்லுக்குத்தான். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு செங்கல்லைப் படுக்கவைத்தால் அரை அடி உயரும். கால் வழுக்காமல் இருக்க, பழைய ரப்பர் செருப்பை வெட்டி இடையில் வைத்தேன். தலையணையை அடுக்கினால் கழுத்தும் வயிறும்தான் மடங்கும், வயிற்றில் அழுத்தம் கூடும். உடம்பு முழுதும் சரிவாக இருந்தால் அமிலம் கீழேயே தங்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குத் தாழ்வாக அமையும். அப்புறம், பத்து மணிச் சாப்பாட்டை ஏழுக்கு மாற்றினோம். செங்கல்லைவிட அதற்குத்தான் அப்பா அதிகம் சண்டை போட்டார்.

இப்போது மாத்திரையை இட்லிக்கு முன்னால் போடுகிறார். ஒரு மாதமாக இடையில் எழுந்து உட்காரவில்லை. அடுத்த முறை போகும்போது அளவைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.