ஃபோல்டருக்கு ஒரு தோற்றம்: டால்ஃபின் எதை நினைவில் வைக்கிறது, எங்கே வைக்கிறது

போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் படங்களாகத் தெரிய வேண்டும். கரண்ட் பில்லும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் கிடக்கும் ஃபோல்டர் பட்டியலாக, புதியது மேலே வந்து நிற்க வேண்டும். பாட்டு ஃபோல்டருக்குப் பெயர் வரிசையே போதும். ஒவ்வொரு முறையும் கையால் மாற்றாமல், ஃபைல் மேனேஜரே இதை நினைவில் வைத்துக்கொண்டால் ஒரு நாளில் எத்தனை கிளிக் மிச்சம்! லினக்ஸில் கேடிஇ டெஸ்க்டாப்போடு வரும் டால்ஃபின் இதைச் செய்யும். சரியாகவும் செய்யும், ஆனால் நாம் சரியான வரிசையில் அமைத்தால்தான். முதல் நாளே வரிசை தவறிவிட்டால், அடுத்த ஆறு மாதமும் "இந்த ஃபோல்டர் ஏன் இப்படித் திறக்கிறது?" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

இந்த வசதி டால்ஃபினில் முதலில் அணைந்தே இருக்கும். ஒரு ஃபோல்டரில் பட்டியல் தோற்றத்துக்கு மாறினால் எல்லா ஃபோல்டரும் பட்டியலாகிவிடும். புதிதாக வருபவர்கள் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். அது ஒரு தேர்வுதான். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கமா அழுத்தினால் 'கான்ஃபிகர் டால்ஃபின்' சாளரம் வரும். அதில் 'வியூ' பக்கத்தின் 'ஜெனரல்' பகுதியில் இரண்டு வட்டங்கள் இருக்கும்: எல்லா ஃபோல்டருக்கும் பொதுத் தோற்றம், ஒவ்வொரு ஃபோல்டரின் தோற்றத்தையும் நினைவில் வை. பழைய பதிப்புகளில் இதே தேர்வு 'ஜெனரல்' பக்கத்தின் 'பிஹேவியர்' பகுதியில் இருந்தது.

இரண்டாவது வட்டத்தைத் தொட்டு அப்ளை கொடுக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். முதலில் பொதுத் தோற்றத்தை உங்கள் மனத்துக்குப் பிடித்தபடி அமைத்துவிடுங்கள். ஐகானா பட்டியலா, எந்த வரிசை, ஃபோல்டர்கள் முதலில் வர வேண்டுமா, முன்னோட்டப் படம் வேண்டுமா, பட்டியலில் எந்தெந்தப் பத்திகள் என்று எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, அதன் பிறகே தனி நினைவை இயக்குங்கள். காரணம் இதுதான்: தனக்கென அமைப்பு எதுவும் பதிவாகாத ஃபோல்டரைத் திறக்கும்போது டால்ஃபின் அந்தப் பொதுத் தோற்றத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஃபோல்டருக்குத் தனிப் பதிவு வந்துவிட்டால் அது தன் வழியில் போய்விடும். பிறகு பொதுத் தோற்றத்தை எவ்வளவு மாற்றினாலும் அதைத் தொடாது. தலைகீழாகச் செய்தவர்களின் கணினியில் பாதி ஃபோல்டர் பழைய தோற்றத்திலும் பாதி புதிய தோற்றத்திலும் நிற்பது இதனால்தான்.

பிறகு பொதுத் தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் கன்ட்ரோல்-எம் அழுத்தி மெனு பட்டையை வரவழைத்து, 'வியூ' மெனுவில் 'அட்ஜஸ்ட் வியூ டிஸ்ப்ளே ஸ்டைல்' என்பதைத் திறக்க வேண்டும். தனி நினைவு இயங்கும்போது மட்டும் அந்தச் சாளரத்தின் கீழ்ப்பகுதியில் கூடுதலாகச் சில தேர்வுகள் வரும்: இந்த ஃபோல்டருக்கு மட்டும், இதற்கும் உள்ளே இருப்பவற்றுக்கும், எல்லா ஃபோல்டருக்கும். கூடவே 'இதையே பொதுத் தோற்றமாக வை' என்ற டிக் கட்டம்.

இந்த மூன்றில் நடுவில் இருப்பதைப் பார்த்துப் பயன்படுத்துங்கள். 'உள்ளே இருப்பவற்றுக்கும்' என்றால் இப்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு துணை ஃபோல்டரிலும் இறங்கி ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு எழுதும். ஆழமான ஃபோல்டர் மரம் என்றால் சிறிது நேரம் பிடிக்கும், பதிவுகளும் அத்தனை பெருகும். இதைவிட முக்கியமானது, நாளை அதே இடத்தில் புதிதாக ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கினால் அது தாய் ஃபோல்டரின் தோற்றத்தை எடுக்காது, பொதுத் தோற்றத்தையே எடுக்கும். டால்ஃபினில் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் வழக்கம் இல்லை. போட்டோக்களை மாதம் ஒரு ஃபோல்டராகப் போட்டுவைப்பவர்களுக்கு இது பெரிய குறை. லினக்ஸ் மின்ட்டின் ஃபைல் மேனேஜரான நேமோவில் தாய் ஃபோல்டரின் தோற்றத்தைப் பின்பற்றும் தேர்வு உண்டு. டால்ஃபினிலும் அது வர வேண்டும்.

மூன்றாவது தேர்வான 'எல்லா ஃபோல்டருக்கும்' வேலை செய்யும் விதம் அழகானது. அது எந்த ஃபோல்டருக்குள்ளும் போய் எதையும் அழிப்பதில்லை. அந்த நொடியின் தேதியையும் நேரத்தையும் டால்ஃபினின் அமைப்பு ஃபைலில் குறித்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரின் பதிவிலும் அது எழுதப்பட்ட நேரம் இருக்கிறது. குறித்த நேரத்துக்கு முந்தைய பதிவுகளை இனி கண்டுகொள்வதில்லை. ஆயிரக்கணக்கான ஃபோல்டர் இருந்தாலும் கண நேரத்தில் முடிந்துவிடுவது அதனால்தான். ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த தனித் தோற்றங்கள் அத்தனையும் ஒரே கிளிக்கில் செல்லாமல் போய்விடும். திரும்பப் பெற மெனுவில் வழி இல்லை. கணினியின் பேட்டரி செத்துக் கடிகாரம் பின்தங்கிய நிலையில் மாற்றிய தோற்றங்கள் நிற்காமல் போவதற்கும் இதே நேர ஒப்பீடுதான் காரணம். கடிகாரத்தைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

அந்தப் பதிவு இருக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டால் பாதிப் புதிர் அவிழும். ஹோமுக்குள், அதாவது உங்கள் பெயரில் இருக்கும் சொந்த ஃபோல்டருக்குள், இருக்கும் ஃபோல்டர் என்றால், பழைய பதிப்புகளில் அந்த ஃபோல்டருக்குள்ளேயே '.டைரக்டரி' என்ற மறை ஃபைல் உருவாகும். கன்ட்ரோல்-எச் அழுத்தி மறை ஃபைல்களைக் காட்டச் சொல்லி, அதை எடிட்டரில் திறந்து பாருங்கள். டால்ஃபின் என்ற தலைப்பின் கீழ் நேரம், பதிப்பு எண், 'வியூமோட்', 'சார்ட்ரோல்', 'சார்ட்ஆர்டர்' என்று நான்கைந்து வரிகள்தான் இருக்கும். வியூமோட் 1 என்றால் விவரப் பட்டியல், 2 என்றால் நெருக்கமான தோற்றம். ஐகான் தோற்றம் 0. விசைப்பலகையிலோ கன்ட்ரோல்-2 நெருக்கமான தோற்றம், கன்ட்ரோல்-3 விவரப் பட்டியல். ஃபைலைக் கையால் திருத்துபவர்கள் இந்த இடத்தில்தான் எண்ணை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். சார்ட்ஆர்டர் 1 என்றால் இறங்கு வரிசை, அதாவது தேதிவாரியாக அடுக்கினால் புதியது மேலே.

புதிய பதிப்புகளில் இந்தப் பதிவு தனி ஃபைலாக இல்லாமல், ஃபோல்டரோடு ஒட்டிய எக்ஸ்டெண்டட் அட்ரிப்யூட்டாகப் போகிறது. கண்ணில் படும் குப்பை குறைந்தது நல்ல விஷயம். ஆனால் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது கவனம் வேண்டும். நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க் பயன்படுத்தினால் பெரிய எழுத்து 'எக்ஸ்' விருப்பத்தையும், ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் டார் என்றால் 'எக்ஸ்ஆட்டர்ஸ்' விருப்பத்தையும் சேர்க்காவிட்டால் அட்ரிப்யூட் கூட வராது. எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் வழியாகக் கொண்டுபோனால் எப்படியும் உதிர்ந்துவிடும்.

ஹோமுக்கு வெளியே இருப்பவை, எழுத அனுமதி இல்லாதவை, நெட்வொர்க்கில் இருப்பவை ஆகியவற்றின் பதிவுகள் ஹோமுக்குள் '.லோக்கல்', 'ஷேர்', 'டால்ஃபின்', 'வியூ_ப்ராப்பர்டீஸ்' என்று இறங்கிப் போனால் கிடைக்கும். அதற்குள் 'லோக்கல்', 'ரிமோட்', 'குளோபல்' என்று பிரித்து, மூல ஃபோல்டரின் பாதை அப்படியே திரும்பக் கட்டப்பட்டிருக்கும். பென்டிரைவைச் செருகினால் அது ஹோமுக்கு வெளியே ஒரு ஃபோல்டராகத்தான் இணைகிறது (மவுன்ட் ஆகிறது) என்பதால் அதன் பதிவும் இங்கேதான். அதன் லேபிளை மாற்றினால் பாதை மாறும், தோற்றமும் மறந்துபோகும். வேறு கணினியில் செருகினாலும் தோற்றம் கூட வராது. ஹோமுக்குள் இருக்கும் ஃபோல்டரைப் பெயர் மாற்றினாலும் இடம் மாற்றினாலும் தோற்றம் கூடவே வருகிறது. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இவற்றை விண்டோஸின் அமைப்புக் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியில் ஃபோல்டரின் இடத்தைக் கொண்டு குறித்து வைக்கிறது, அதற்கொரு உச்ச எண்ணிக்கையும் உண்டு. நிறைந்தால் பழையவை போய்விடும். அங்கிருந்து வருபவர்களுக்கு டால்ஃபினின் முறை நிம்மதி தரும்.

எதெல்லாம் தனியாக நினைவில் நிற்கும்? தோற்ற வகை, வரிசை, குழுவாகப் பிரித்தல், முன்னோட்டம், மறை ஃபைல்கள் தெரிவது, பட்டியலில் தெரியும் பத்திகளும் அவற்றின் அகலமும். ஐகானின் அளவு மட்டும் நிற்காது. அது தோற்ற வகைக்கு ஒன்று, எல்லா ஃபோல்டருக்கும் பொது. போட்டோ ஃபோல்டரில் ஐகானைப் பெரிதாக்கினால் ஐகான் தோற்றத்தில் இருக்கும் மற்ற ஃபோல்டர்களும் பெரிதாகும். சுற்றுவழி ஒன்றுதான்: போட்டோக்களுக்கு மட்டும் ஐகான் தோற்றத்தை ஒதுக்கிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நெருக்கமான தோற்றத்திலோ பட்டியலிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வசதியில் உண்மையாகவே வருந்த வைப்பது, பூட்டு இல்லாதது. தனி நினைவு இயங்கும்போது செய்யும் ஒவ்வொரு மாற்றமும் உடனே பதிவாகிறது. ஒரு ஃபைலைத் தேடுவதற்காகப் பட்டியலின் 'அளவு' தலைப்பை ஒருமுறை கிளிக் செய்தாலே, அந்த ஃபோல்டர் அன்றிலிருந்து அளவு வரிசையில்தான் திறக்கும். 'தற்காலிகமாக மாற்று', 'இந்தத் தோற்றத்தைப் பூட்டு' என்று எதுவும் இல்லை. ஆகவே வரிசையை மாற்றித் தேடுவதற்குப் பதிலாக கன்ட்ரோல்-ஐ அழுத்தி வடிகட்டும் பட்டையில் பெயரின் ஒரு பகுதியைத் தட்டிப் பழகுங்கள். வடிகட்டல் தோற்றப் பதிவைத் தொடுவதில்லை.

தோற்றத்தை '.டைரக்டரி' ஃபைலில் எழுதும் பதிப்புகளில் ஒரு ஃபோல்டர் குழம்பிவிட்டால் அந்த ஃபைலைத் திறந்து, டால்ஃபின் தலைப்பையும் 'செட்டிங்ஸ்' தலைப்பையும் அவற்றின் கீழ் வரிகளோடு நீக்கினால் பொதுத் தோற்றத்துக்குத் திரும்பிவிடும். ஹோம் முழுக்கத் தேடி எல்லா '.டைரக்டரி' ஃபைலையும் அழித்துவிடலாம் என்ற யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது, அதைச் செய்யாதீர்கள். ஃபோல்டருக்கு நீங்கள் கொடுத்த சிவப்பு ஐகான், பச்சை ஐகான் எல்லாம் அதே ஃபைலில் 'டெஸ்க்டாப் என்ட்ரி' தலைப்பின் கீழ்தான் இருக்கின்றன. அழித்தால் அவையும் சேர்ந்து போய்விடும்.

நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் '.டைரக்டரி' பெயரைத் தங்கள் பொது இக்னோர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஒரே ஃபோல்டரை இரண்டு கணினிகளுக்கிடையே சிங்க் செய்பவர்களும் அந்த மென்பொருளின் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தோற்றத்தை மாற்றும்போதெல்லாம் நேர வரி மாறுவதால் இரண்டு பக்கமும் முரண்பட்ட நகல்கள் குவியும். புதிய கணினிக்கு மாறுபவர்கள் ஹோமில் கண்ணுக்குத் தெரியும் ஃபோல்டர்களோடு நிறுத்தாமல், மேலே சொன்ன 'வியூ_ப்ராப்பர்டீஸ்' ஃபோல்டரையும் '.கான்ஃபிக்' உள்ளே இருக்கும் 'டால்ஃபின்ஆர்சி' ஃபைலையும் மறைந்திருக்கிறதே என்று விட்டுவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். பொதுத் தோற்றம் முதலாவதில் இருக்கிறது, தனி நினைவு இயங்குகிறதா என்ற குறிப்பு இரண்டாவதில்.