பழைய படமா, பின்னணிப் பொருளா?

குழந்தைகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் கும்பல்களைக் கண்டறிய எந்த வழி உதவும் என்று தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டு வழிகளை ஒப்பிடுகிறேன்.

வேகம்: 2009இல் மைக்ரோசாஃப்டும் கணினி அறிஞர் ஹானி ஃபரீதும் உருவாக்கிய ஃபோட்டோடிஎன்ஏ என்ற மென்பொருள், ஏற்கெனவே பதிவான கொடுமைப் படத்தை நொடியில் அடையாளம் காணும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல், படத்தில் உள்ள பொருளை அடையாளம் காட்டப் பொதுமக்களைக் கேட்கும் 'ட்ரேஸ் அன் ஆப்ஜெக்ட்' இணையப் பக்கம் மனிதக் கண்ணை நம்பியது, மெதுவானது.

எல்லை: புதுப் படம் வந்தால் முன்னது தோற்கும். பின்னதற்கு அதுதான் களம். 2017 முதல், குழந்தையை மறைத்துவிட்டு, பின்னணியில் கிடக்கும் பை, சட்டை, பாட்டில் ஆகியவற்றை மட்டும் வெளியிடுகிறார்கள். அந்தப் பாட்டில் எந்த நாட்டுக் கடையில் விற்பனையாகிறது என்று ஒருவர் சொன்னால் போதும், தேடல் அங்கே சுருங்கும். இன்னும் துன்பத்தில் இருக்கும் குழந்தையை மீட்க அது வழிவிடும். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

செலவு: இரண்டும் இலவசம், முன்னது தகுதியுள்ள நிறுவனங்களுக்கு மட்டும்.

இணையதளம் நடத்துபவர் முன்னதை எடுக்கட்டும். வீட்டிலிருந்தே உதவ நினைப்பவருக்குப் பின்னது. பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.