லைட் சிவப்பு, ரேடியேட்டர் சூடு: ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டோடு நாலு குளிர்காலம்

தெற்கு லண்டனில் உள்ள க்ராய்டனில், 1930களில் கட்டிய செங்கல் வீடு எங்களுடையது. ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பி வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லர் சமையலறை அலமாரிக்குள் இருக்கிறது. அதை ஃபோனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மாட்டி இது நாலாவது குளிர்காலம். முதல் வருஷம் அதோடு மல்லுக்கட்டியே போனது. இப்போது மாசத்துக்கு ஒரு தடவை அதைத் திரும்பிப் பார்த்தால் அதிகம்.

மல்லுக்கட்டு தொடங்கியது ஒரு ஜனவரி ராத்திரி. மதுரையிலிருந்து மாமியார் வந்திருந்தார். "மாப்பிள்ளை, பெட்டியில செவப்பு லைட்டு மினுக்குதே, ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றார். அந்தப் பெட்டிதான் ஹப், தெர்மோஸ்டாட்டை இணையத்தோடு சேர்ப்பது. நான் உடனே ஒரு ஊசியை எடுத்து அதன் ரீசெட் துளைக்குள் பத்து விநாடி அழுத்தினேன். அது போதாதென்று பாய்லரை ஆன், ஆஃப் செய்யும் ரிசீவரின் பட்டனையும் அழுத்திப் பிடித்தேன். எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு என்று போட்டு வைத்த அட்டவணை அழிந்தது, தெர்மோஸ்டாட்டுக்கும் ரிசீவருக்கும் இருந்த இணைப்பும் அறுந்தது. அதுவரை சூடாக இருந்த வீடு அதற்கப்புறம்தான் நிஜமாகவே குளிர்ந்தது. ஊசியைத் தேடும் முன் ரேடியேட்டரை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாம்.

எங்கள் வீட்டில் மூன்று பெட்டிகள். சுவரில் பேட்டரியில் ஓடும் தெர்மோஸ்டாட், பாய்லர் பக்கத்தில் மின்சாரத்தில் இணைத்த ரிசீவர், அலமாரித் தட்டில் ஹப். முதல் இரண்டும் பேசிக்கொள்வது 868 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவில். அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தமே இல்லை. ஹப்தான் வைஃபை வழியாக ரவுட்டரைப் பிடித்து, அங்கிருந்து கம்பெனியின் சர்வரோடு பேசுகிறது. ஆகவே ஹப்பில் சிவப்பு என்றால் ஃபோனிலிருந்து இயக்க முடியாது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட்டும் ரிசீவரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரிசீவரில் சிவப்பு மினுக்கினால்தான் கவலைப்பட வேண்டும். அநேகமாக தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கும்.

எங்கள் ஹப்பில் மெதுவாக மினுக்கினால் வைஃபை கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஆரஞ்சு நிறத்தில் நிலையாக நின்றால் வைஃபை உண்டு, சர்வர் இல்லை. நிறமும் மினுக்கலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். மற்ற பக்கங்கள் எங்கே போயின என்றே தெரியாது.

ரொம்ப அலையவிட்டது இரண்டாம் வருஷம் பிராட்பேண்ட் மாற்றியபோதுதான். புது ரவுட்டர் வந்ததும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் அநாதையாகிவிட்டன. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதற்கு வைத்தேன். மற்றவை தாமாக ஒட்டிக்கொண்டன, ஹப் மட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது. வைஃபை அலைவரிசைகளில் ஹப்புக்குத் தெரிந்தது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். புது ரவுட்டரோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கலந்து கொடுத்தது. வைஃபை பாதுகாப்பு முறையும் ஹப்புக்குத் தெரியாத டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தது. அதை டபிள்யூபிஏ2 என்று மாற்றி, 2.4க்குத் தனிப் பெயர் வைத்ததும் ஐந்தே நிமிஷத்தில் பச்சை வந்துவிட்டது.

அப்புறம் இன்னொரு கூத்து. தினமும் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் ஹப் இரண்டு நிமிஷம் மினுக்கும், தானே சரியாகிவிடும். ரவுட்டரின் வைஃபை சானலை ஆட்டோவிலிருந்து 1, 6, 11 என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் பார்த்தால், பிள்ளைகளுக்கு மைக்ரோவேவில் சாதம் சூடுபண்ணும் நேரம் அது. மைக்ரோவேவும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான். ஹப் அதற்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. ஹப்பை வீட்டு நடைக்கு மாற்றினேன், தீர்ந்தது.

சிவப்பு இப்படிப் பயமுறுத்தியது என்றால், பச்சை ஒரு முறை ஏமாற்றியது. மூன்றாம் குளிர்காலத்தில், வெளியே உறைபனி. ரிசீவரில் பச்சை, செயலியில் தீச்சுடர் படம், வீட்டுக்குள்ளோ 14 டிகிரி. வைஃபையைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். பாய்லரின் சொந்தத் திரையில் பிழை எண் மினுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்க ஒரு மணி நேரமானது. பாய்லரின் கழிவுநீரை வெளியே விடும் குழாய் பனியில் உறைந்து அடைத்திருந்தது. கொதிக்காத வெந்நீரை வெளியே குழாய்மேல் ஊற்றி, பாய்லரின் ரீசெட்டை அழுத்தியதும் எரிந்தது. பச்சை சொல்வது "சூடு கேட்டிருக்கிறேன்" என்பதை மட்டும்தான். பாய்லர் கொடுத்ததா என்பது அதற்குத் தெரியாது. பாய்லரின் மூடியைத் திறக்கிற வேலை மட்டும் நமக்கு வேண்டாம், அதற்கு, கேஸ் வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவு உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் செயலி அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட இரண்டு விஷயம் கேளுங்கள். இணையம் இல்லாதபோதும் அட்டவணைப்படி ஓடுமா? ரிசீவரிலேயே கையால் ஆன் செய்ய பட்டன் உண்டா? ஒரு ஞாயிறு சாயங்காலம் கம்பெனி சர்வர் படுத்துவிட்டது. செயலி திறக்கவே இல்லை. அட்டவணை தெர்மோஸ்டாட்டுக்குள் இருந்ததால் வீடு வழக்கம்போல் சூடானது. இன்னொன்று: ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. முன்னது வெறுமனே அணைத்துப் போடுவது, பின்னது போட்டு வைத்ததையெல்லாம் அழித்துவிடும். ஹப் சிவப்பானால் முதலில் ரவுட்டரை அணைத்துப் போட்டு அதன் விளக்குகள் நிதானப்படும்வரை காத்திருந்து, பிறகு ஹப்பை அணைத்துப் போடுவேன். இந்த மூன்று வருஷத்தில் ஊசியை மறுபடி தேட வேண்டி வரவில்லை.

இந்த ஜனவரியும் மாமியார் வந்திருந்தார். ஒரு ராத்திரி ஹப் சிவப்பானது. நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் அவர் ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "சூடு வருது மாப்பிள்ளை. என் சீரியலும் பாதியில நின்னுடுச்சு. நெட்டுதான் போயிருக்கு, அத மொதல்ல பாருங்க" என்றார்.