அயர்லாந்து டர்ஃப்: ஸ்லேனா, மிதித்த சேறா, இயந்திரமா?

சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக முழுசாக மட்காமல் தேங்கிய செடிகொடிகள்தான் டர்ஃப். வெட்டிக் காயவைத்து அடுப்பில் எரிப்பார்கள். வெட்டும்போது அதில் சுமார் 90 சதவீதம் தண்ணீர். அதனால் எந்த முறையை எடுத்தாலும், மழை ஓயாத அந்த ஊரில் எது காயும் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்லேன் என்பது பக்கவாட்டில் ஒரு சிறகு வைத்த குறுகலான மண்வெட்டி. ஒரே குத்தில் இரண்டு பக்கமும் அறுபட்டு, நீளக் கட்டியாக வரும். ஒருவர் வெட்ட, இன்னொருவர் வாங்கிப் பரப்புவார். மேல்தோல் இறுகியதும் ஐந்தாறு கட்டிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்துவார்கள். நடுவில் காற்று புகும். உண்மையில் முதுகு ஒடிவது இந்தக் குனிந்து நிமிரும் வேலையில்தான். மேலடுக்கில் வெட்டிய பழுப்புக் கட்டி நாரும் தக்கையுமாக இருக்கும், சீக்கிரம் எரிந்து தீரும். அடியில் இருக்கும் கறுப்புதான் சரக்கு.

ஆனால் சில சதுப்புகளில் அந்தக் கறுப்பு கட்டியாக நிற்காது, உதிரும். அங்கே அதைத் தோண்டித் தண்ணீர் விட்டு, காலால் மிதித்துக் குழைத்து, வரட்டி தட்டுவது போலக் கையால் உருக்கொடுத்துக் காயவைத்தார்கள். நார் சிதைந்துவிடுவதால் காயும்போது நன்றாகச் சுருங்கி இறுகும், நின்று எரியும். எரிபொருளாக மட்டும் பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆள்கூலி கணக்குப் பார்த்தால்? சரி, அதைப் பேச வேண்டாம்.

டிராக்டரில் பூட்டும் இயந்திரமும் செய்வது இதே குழைத்தல்தான். டர்ஃபை அரைத்து நீள உருளையாகப் பிதுக்கித் தள்ளும். கட்டியும் அடர்த்தியாகவே வரும். ஆனால் பழைய வகை இயந்திரங்கள் மேற்பரப்பை விட்டுவிட்டு அடியில் பிளவு போட்டு டர்ஃபை உறிஞ்சின. அந்தப் பிளவு வழியே சதுப்பின் தண்ணீரும் வடிந்தது. ஸ்லேனும் சதுப்பைத் தின்னத்தான் செய்கிறது, ஆனால் ஒரு குடும்பம் ஒரு கோடையில் வெட்டுகிற அளவுக்குத்தான். அப்புறம், இயந்திரம் பிதுக்கிப் போட்டதையும் பெரும்பாலும் மனிதர்கள்தான் குனிந்து நிமிர்த்தி வைக்கிறார்கள்.

2022 முதல் கடைகளிலும் இணையத்திலும் டர்ஃப் விற்க அங்கே தடை. வெட்டுரிமை உள்ள குடும்பம் தன் அடுப்புக்கு வெட்டிக்கொள்ளலாம், பாதுகாக்கப்பட்ட சதுப்பாக இல்லாவிட்டால். அந்த அளவுக்கு ஸ்லேன் போதும்.