“நரம்பை வளர்க்கும்” காளான் கப்சூல் – இரண்டு மாதம் பார்த்ததில்

வெள்ளவத்தையில் ஒரு கடையில் வாங்கினேன், லயன்ஸ் மேன் காளான் கப்சூல், 60 கொண்ட குப்பி 9,500 ரூபா. அக்காவுக்கு ஐந்து வருடமாக எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வருத்தம், அதாவது உடம்பின் நோயெதிர்ப்புக் கலங்களே மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள நரம்புகளின் மயலின் கவசத்தைத் தின்கிற வருத்தம். குப்பியில் “நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கூட்டும்” என்று பெரிதாகப் போட்டிருந்தது, அதில்தான் மனம் சாய்ந்துவிட்டது.

அந்தக் காரணி உண்மையானதுதான், உடம்பே சுரக்கிற ஒரு புரதம். 1986 இல் ரீட்டா லெவி-மொன்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த விஷயம் அது. காளானில் உள்ள சில பொருட்கள் ஆய்வுகூடத்தில் கலங்களை அதைச் சுரக்க வைக்கின்றன, சரி. ஆனால் சுரந்தது எந்த வாங்கியில், அதாவது கலத்தில் அது ஒட்டிக்கொண்டு செய்தி கொடுக்கிற எந்த இடத்தில், போய் ஒட்டுகிறது என்பதைப் பற்றிக் குப்பியில் ஒரு சொல் இல்லை. ட்ராக்-ஏ என்ற வாங்கியில் ஒட்டினால் நரம்புக் கலம் பிழைத்திருக்க உதவும், பி75 இல் ஒட்டும்போது சில நிலைமைகளில் கலம் சாகவும் கூடும். அதற்காக பி75 கெட்டது என்று தள்ளவும் முடியாது, எம்.எஸ். மாதிரியான வருத்தத்தை எலிகளில் உண்டாக்கிப் பார்த்தபோது அந்த வாங்கி இல்லாத எலிகள்தான் கூடுதலாகப் பாதிக்கப்பட்டன. நோயெதிர்ப்புக் கலங்கள் சிலவற்றிலும் இதே வாங்கிகள் இருக்கின்றன. அப்புறம், இந்தக் காரணி வலியையும் கூட்டும். மூட்டு வலிக்கு இதைத் தடுக்கிற டனெசுமாப் என்ற ஊசியையே பரிசோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே கால் எரிவோடு இரவில் நித்திரை இல்லாமல் கிடக்கிற ஒருத்திக்கு இது சின்ன விஷயமா?

அக்கா இரண்டு மாதம் ஒழுங்காகக் குடித்தா. களைப்பு அப்படியே இருக்கிறது, இடது கால் இழுபடுவதும் அப்படியே. முதல் வாரம் வயிறு குழம்பியது, பிறகு சரியாகிவிட்டது. கப்சூலில் மணம் இல்லை, விழுங்க லேசு, அவ்வளவுதான் நல்லதாகச் சொல்ல இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். இரண்டாவது குப்பி வாங்கப் போனபோது கடைக்காரர், “இதைத் தொடர்ந்து குடித்தால் ஊசியை நிற்பாட்டலாம்” என்றார், அக்கா எம்.எஸ். வருத்தத்துக்குப் போடுகிற ஊசியைத்தான். தயவுசெய்து அதைக் கேட்டு யாரும் நிற்பாட்டிவிடாதீர்கள். ஊசி நோயெதிர்ப்புக் கலங்களின் தாக்குதலை அடக்குகிறது, இந்தக் கப்சூல் அதைச் செய்யும் என்பதற்கு எம்.எஸ். உள்ள மனிதர்களில் எந்த நிரூபணத்தையும் அவரால் காட்ட முடியவில்லை. கிளினிக்கில் டொக்டரிடம் குப்பியையே கொண்டுபோய்க் காட்டினோம், அவரும் ஊசியில் கை வைக்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இரண்டாவது குப்பியை வாங்கவில்லை. அந்தக் காசு இந்த மாதம் அக்காவின் பிசியோதெரபிக்குப் போகிறது.