நெஞ்சுவலி: வாயுவா, இதயமா, நுரையீரலா?

நெஞ்சு வலித்ததும் பலர் வாயில் முதலில் வரும் சொல் ‘கேஸ்’. பல சமயம் அது உண்மையாகவும் இருந்துவிடுவதால்தான் உண்மையில்லாத அன்றைக்கு ஏமாந்துபோகிறோம்.

இரைப்பை அமிலம் மேலேறினால் நெஞ்சு எரியும். சாப்பிட்டபின் குனிந்தாலோ படுத்தாலோ கூடும், வாய் புளிக்கும். மாரடைப்பில் எரிச்சலைவிடப் பாரமும் இறுக்கமும்தான் அதிகம். வலி கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவும், வியர்த்துக் கொட்டும், குமட்டும். எழுத்தில் தெளிவாக இருக்கும் இந்த வேறுபாடு நேரில் குழம்பிவிடும். மேல்வயிற்று எரிச்சலாகவே வரும் மாரடைப்பும் உண்டு. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் சிலருக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரும். அமிலத்தைத் தணிக்கும் மருந்து குடித்ததும் வலி குறைந்தது என்பதால் இதயம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். முதல் ஈசிஜியில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். இதயத் தசை சேதமடைந்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் தென்படச் சில மணி நேரம் பிடிக்கும். மருத்துவர் இரண்டாம் முறை ரத்தம் எடுக்க இருக்கச் சொன்னால் தயவுசெய்து இருங்கள்.

மூச்சை இழுக்கும்போது சுருக்கென்று குத்தினால் நுரையீரலை நினைக்க வேண்டும். காய்ச்சலும் இருமலும் சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம். உயரமான, ஒல்லியான இளைஞருக்குத் திடீரென ஒரு பக்கம் குத்தி மூச்சு முட்டினால், நுரையீரலிலிருந்து காற்று கசிந்து அது சுருங்கியிருக்கக்கூடும். எனக்கு அதிகம் அச்சம் தருவது ரத்தக்கட்டி. அறுவை சிகிச்சை, பிரசவம், நீண்ட பயணம், பல நாள் படுக்கை ஆகியவற்றுக்குப் பின் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்ததா என்று நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள். அவராக அதைச் சொல்ல மாட்டார், காலுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருப்பார்.

விலா எலும்போரம் அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் தசை அல்லது குருத்தெலும்பு வலி. அதை மட்டும் வைத்து இதயத்தை விலக்கிவிட முடியாது.

திடீரென எழும் கடும் பயமான பதற்றத் தாக்குதலிலும் நெஞ்சு வலிக்கும். அது பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போகும். படபடப்பும் விரல் மரமரப்பும் இருக்கும். அந்த வலி பொய்யல்ல. ஆனாலும் முதல்முறை வருகிறவரிடம் ‘எல்லாம் மனசுதான்’ என்று பரிசோதனைக்கு முன்பே சொல்வது பெரிய தவறு.

பாரமோ மூச்சுத்திணறலோ சில நிமிடங்களில் தணியாவிட்டால், வியர்வையோ மயக்கமோ சேர்ந்தால், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.