ஃபௌண்ட்ரி: சோதனையையும் சாலிடிட்டியிலேயே எழுதலாம்

பிளாக்செயினில் ஓடும் நிரலான ஒப்பந்தம் சாலிடிட்டி மொழியில், அதன் சோதனை இன்னொரு மொழியில். பல வருடம் நான் வேலை பார்த்தது இப்படித்தான். சோதனையையும் சாலிடிட்டியிலேயே எழுதவிடும் ஃபௌண்ட்ரி என்ற கருவிக்கு மாறிய பிறகுதான், அதில் எவ்வளவு கவனம் வீணாகப் போயிருக்கிறது என்று புரிந்தது.

இந்த ஒப்பந்தங்கள் ஓடும் எத்தீரியம் என்ற பிளாக்செயின், அதாவது சங்கிலி, வந்தது 2015-ல். அதே வருடம் வந்த ட்ரஃபிள் என்ற கருவி, வலைத்தள வேலையின் பழக்கங்களை அப்படியே கொண்டுவந்தது. சோதனைக்கு ஜாவாஸ்கிரிப்டும் அதன் சோதனைக் கருவியான மோக்காவும். சங்கிலியில் ஏற்றுவதற்கு 'மைக்ரேஷன்'. இது தரவுத்தளக்காரர்களின் சொல். எந்தப் படி வரை முடிந்தது என்று குறித்துவைக்க மைக்ரேஷன்ஸ் என்று தனியாக ஒரு ஒப்பந்தமே சங்கிலியில் ஏறும். அந்த ஒரு எண்ணை எழுதவும் கேஸ் என்ற சங்கிலிக் கட்டணம் கட்டினோம்.

எண்களோடு பட்ட பாடு அதைவிட அதிகம். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9007199254740991 வரைக்கும்தான் பிசகாமல் தாங்கும். எத்தீரியத்தின் நாணயமான 1 ஈத்தர் என்பதோ, அதன் மிகச் சிறிய அலகான வெய்யில், 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட்ட அளவு. அதனால் எல்லாவற்றையும் பெரிய எண் நூலகத்துக்குள் போட்டு, கூட்டி, திரும்ப எடுத்து ஒப்பிட வேண்டும். நான் கேட்க வந்த கேள்வி அதற்குள் மூழ்கிவிடும்.

முதலில் பில்ட்லர் என்று வந்து, 2020-ல் பெயர் மாறிய ஹார்ட்ஹாட் பெரிய ஆறுதல். சாலிடிட்டிக்குள்ளேயே கன்சோல் லாக் போட்டு மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்க முடிந்தது. பிழை எந்த வரியில் என்றும் காட்டியது. அதன் மூன்றாம் பதிப்பில் சாலிடிட்டி சோதனையும் வந்துவிட்டது. ஆனால் என்னை அந்தப் பக்கம் திருப்பியது ஃபௌண்ட்ரிதான்.

பாரடைம் என்ற கிரிப்டோ முதலீட்டு நிறுவனம் 2021 இறுதியில் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்ட கருவி இது. இதன் வேர் டாப்ஹப் குழுவின் பழைய கருவியான டாப்டூல்ஸில் இருக்கிறது. டாப்டூல்ஸில் ஒப்பந்தங்களை ஓட்டும் இயந்திரமான ஹெச்இவிஎம் ஹாஸ்கெல் மொழியில் எழுதப்பட்டது. ஃபௌண்ட்ரியில் நேரத்தை நகர்த்தவோ வேறொருவர் பெயரில் அழைக்கவோ ஒரு குறிப்பிட்ட முகவரியைக் கூப்பிடுகிறோம். அந்த முகவரி இன்றும் 'ஹெச்இவிஎம் சீட் கோட்' என்ற சொற்றொடரின் ஹாஷிலிருந்துதான் வருகிறது. முன்னோரின் பெயர் ஒவ்வொரு சோதனையிலும் ஓடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

சரி, இதனால் என்ன மாறியது? கட்டணத்தை மூன்று பேருக்குச் சமமாகப் பிரிக்கும் ஒப்பந்தம் ஒன்று எழுதியிருந்தேன். பழைய சோதனைகளில் 300, 900 என்று மூன்றால் வகுபடும் தொகைகளையே கொடுத்திருந்தேன். ஃபௌண்ட்ரியில் தொகையை அந்தச் சோதனையின் அளபுருவாக, அதாவது வெளியிலிருந்து வரும் மதிப்பாக, மாற்றினேன், அவ்வளவுதான். அதுவாகவே ஏதேதோ எண்களைப் போட்டு ஓட்டியது. இயல்பாக 256 முறை ஓட்டும். உடனே சோதனை விழுந்தது. எந்த எண்ணில் விழுந்தது என்றும் காட்டியது. வகுத்ததில் மீந்த வெய் யாருக்கும் போகாமல் ஒப்பந்தத்திலேயே தங்கியிருந்தது. மீதியைக் கடைசி ஆளுக்குச் சேர்த்துத் திருத்தினேன். இந்த வசதி ஒரு வரியில் கிடைப்பதால்தான் இப்போது 'எந்தத் தொகைக்கும் இது உண்மையா' என்று முதலிலேயே யோசிக்கிறேன்.

குறைகளும் உண்டு. சார்ந்திருக்கும் நூலகங்களை கிட் சப்மாட்யூலாக, அதாவது கிட் களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியமாக, வைக்கும் வழக்கம் டாப்டூல்ஸிலிருந்து வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை இறக்கித் தரும் என்பிஎம் பழகியவர்களுக்கு அது சிரமம். சாலிடிட்டித் தொகுப்பியின் வயா ஐஆர் என்ற தெரிவைப் போட்டால் தொகுக்க நேரம் பிடிக்கும். வேறொருவர் பெயரில் அழைக்கவைக்கும் 'ப்ராங்க்' அடுத்த ஒரே அழைப்புக்குத்தான் செல்லும். அந்த அழைப்பின் அளபுருவுக்குள் இன்னொரு ஒப்பந்தத்தை அழைத்தால், அதிலேயே அது தீர்ந்துவிடும். உரிமையாளர் முகவரியை முன்கூட்டியே ஒரு மாறியில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இணைய முகப்பு வேலை செய்பவர்கள் கூட இருந்தால் பயப்பட வேண்டாம். ஃபௌண்ட்ரியோடு வரும், நம் கணினியிலேயே ஓடும் சோதனைச் சங்கிலியான ஆன்வில் 10 கணக்குகளை ஆளுக்கு 10000 ஈத்தரோடு தரும். அந்தக் கணக்குகளின் சாவிகளை உருவாக்கும் விதைச் சொற்கள் ஹார்ட்ஹாட்டில் உள்ளவையேதான்: பதினொரு 'டெஸ்ட்', ஒரு 'ஜங்க்'. அதனால் அவர்களிடம் உள்ள சாவிகள் அப்படியே வேலை செய்யும்.

ட்ரஃபிளை நிறுத்துவதாக அதை நடத்திவந்த கன்சென்சிஸ் நிறுவனம் 2023-ல் அறிவித்துவிட்டது. அதில் எழுதிய பழைய சோதனைகள் உங்களிடமும் இருந்தால், முதலில் வகுத்தல் வரும் ஒப்பந்தங்களை மாற்றுங்கள். அப்புறம் நேரப் பூட்டு உள்ளவை. மற்றவை மெதுவாக வரட்டும்.